கழிக்க முடியாத இலவசம்

பூந்தமல்லி நெடுஞ்சாலையில் ஒரு கார் ஷோரூம். மாதக் கடைசிச் சனிக்கிழமை. கண்ணாடிக்கு வெளியே கன்டெய்னர் லாரிகள் ஸ்ரீபெரும்புதூர்ப் பக்கம் போய்க்கொண்டிருக்கின்றன. உள்ளே ஏசி ஓடுகிறது, லாரிச் சத்தம் எட்டவில்லை. சர்வீஸுக்கு வண்டி விட்டவர்கள் காத்திருக்கும் சோபா, விற்பனை மேசைக்குப் பக்கத்திலேயே கிடக்கிறது. உட்கார்ந்தால் எல்லாம் காதில் விழும்.

நூம்பலிலிருந்து மூன்று பேர் வந்திருக்கிறார்கள். அப்பாவுக்கு அம்பத்தூர் எஸ்டேட்டில் வேலை, ஐம்பது வயதிருக்கும். அம்மா மடியில் துணிப்பை. மகள் வேலைக்குப் போகத் தொடங்கியிருக்கிறாள், கடன் அவள் பெயரில்தான். வீட்டின் முதல் கார். வண்டி வந்ததும் திருவேற்காடு கருமாரியம்மன் கோயிலுக்குக் கொண்டுபோய் எலுமிச்சை வைத்து ஏற்றுவது வரை பேசி முடித்துவிட்டுத்தான் வந்திருக்கிறார்கள் என்பது அம்மாவின் முகத்திலேயே தெரிகிறது.

எதிரே விற்பனைப் பையன். கழுத்தில் டை, ஒருபக்கம் தேய்ந்த ஷூ. வாக்கியத்துக்கு ஒரு முறை அவன் கண் பின்னால் இருக்கும் கண்ணாடி அறைக்குப் போய்வருகிறது. அங்கே மேனேஜர் உட்கார்ந்திருக்கிறார்.

"சார், நீங்க பார்த்தது 9 லட்சத்து 80. இன்னும் அம்பதாயிரம் போட்டா சன்ரூஃப் வந்துரும். ரீசேல்ல அப்படியே திரும்பி வரும்."

மகள் நிமிர்ந்து காரின் கூரையைப் பார்க்கிறாள். அப்பாவும் பார்க்கிறார். ஐம்பதாயிரம் என்பது கைக்கு எட்டும் தொகை மாதிரிதான் ஒலிக்கிறது. ஆனால் தமிழ்நாட்டில் 2023 நவம்பரில் உயர்த்தப்பட்ட வாழ்நாள் வரி, 5 லட்சத்துக்கு மேல் 10 லட்சம் வரையுள்ள காருக்கு 13 சதவீதம், அதைத் தாண்டினால் 20 லட்சம் வரை 18 சதவீதம். 9.80 லட்சத்துக்கு வரி 1,27,400 ரூபாய், 10.30 லட்சத்துக்கு 1,85,400. போதாக்குறைக்கு, 10 லட்சத்தைத் தாண்டிய காருக்கு டிசிஎஸ் என்று, விற்பவரே வசூலிக்கும் வருமான வரி ஒரு சதவீதம் வேறு பிடிப்பார்கள். அந்த ஐம்பதாயிரம், கூரை திறக்கும்போது ஒரு லட்சத்துக்கு மேல் போய் நிற்கிறது. பையன் சொன்ன விலையில் பொய் இல்லை. பாதியைச் சொன்னான், மீதி கொட்டேஷனில்தான் வரும்.

அப்பா வேண்டாம் என்று தலையாட்டுகிறார். முதல் தப்பிப்பு.

கொட்டேஷன் தாள் வருகிறது. அவர் விரலை வைத்து ஒவ்வொரு வரியாக இறங்குகிறார். வாழ்நாள் வரியைக் கடந்துவிட்டது விரல். இன்சூரன்ஸ், 52,300. நிற்கிறது.

"சார், இந்த மாசம் புக் பண்ணா அரை கிராம் தங்கக் காசு ஃப்ரீ. இன்னைக்கு ஒரு நாள்தான்."

விரல் நகர்ந்துவிடுகிறது. அடுத்து 'ஹேண்ட்லிங் சார்ஜ்', 9,500. மறுபடி நிற்கிறது. உடனே சீட் கவர் ஃப்ரீ. 'எசென்ஷியல் கிட்', 18,900. டெஃப்லான் கோட்டிங் ஃப்ரீ. விரல் நிற்கும் இடத்திலெல்லாம் ஓர் இலவசம் வந்து விழுகிறது. இதை அவனுக்கு யாரோ பாடமாகச் சொல்லிக்கொடுத்திருக்கிறார்கள். கேள்வி வாய்க்கு வருமுன் கை நிறைந்துவிட வேண்டும். கை நிறைந்தவர்கள் கேட்கத் தயங்குவார்கள், அதுவும் நம் ஊர்க்காரர்கள். 'தர்றப்ப போய் கணக்குக் கேக்கறதா' என்கிற அந்தக் கூச்சத்தின் மேல்தான் இந்த வியாபாரம் நடக்கிறது. எனக்குக் கோபம் வருவதும் இந்த இடத்தில்தான். ஏமாறுபவர்களின் பேராசையைப் பற்றிச் சொல்வார்கள். இந்த மேசையில் இருப்பது ஆசை இல்லை, மரியாதை.

அந்த ஹேண்ட்லிங் சார்ஜ் ஆர்.டி.ஓ. அலுவலகத்தில் கட்டும் பணம் அல்ல. பூந்தமல்லியில் வண்டிக்கு டிஎன் 12 பதிவு எண் வாங்க அரசு கேட்கும் கட்டணங்களின் பட்டியலில் அப்படி ஒன்று கிடையாது.

மகள் தாளைத் தன் பக்கம் திருப்புகிறாள். "அண்ணா, ஃப்ரீ லிஸ்ட்ல ஃப்ளோர் மேட் இருக்கு. கிட்லயும் ஃப்ளோர் மேட் இருக்கே? கிட்டுக்குக் காசு போட்டிருக்கீங்க."

"அது வேற மேட் மேடம்."

"ஒரு கார்ல ரெண்டு மேட் எதுக்குண்ணா?"

பதில் இல்லை. பெர்ஃப்யூம் ஒன்று கூடுதலாகத் தருவதாகச் சொல்கிறான்.

2019ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம், நியாயமற்ற வணிக முறை எது என்று பட்டியலிடுகிறது. மொத்த விலைக்குள்ளேயே முழுதாகவோ பகுதியாகவோ பணத்தை வாங்கிக்கொண்டு, இலவசமாகத் தருவதுபோல் தோன்றச் செய்வதும் அதில் ஒன்று. 1986ஆம் ஆண்டின் பழைய சட்டத்திலேயே இது உண்டு. புகார் சொல்ல 1915 என்ற எண் இருக்கிறது. இந்த மேசையில் அந்த எண் ஒட்டப்படவில்லை. 'புக் நவ்' என்றுதான் ஒட்டியிருக்கிறது.

அம்மா அதுவரை பேசவில்லை. இப்போது பேசுகிறார். "தம்பி, காசும் வேணாம், சீட் கவரும் வேணாம். அதுக்கு என்ன ஆகுதோ அதைக் கழிச்சுக் குடுத்துருப்பா."

பையன் முதன்முறையாகத் திணறுகிறான். "அப்படிக் கழிக்க முடியாதும்மா. சிஸ்டத்துல வராது."

பொருளாகத் தர முடிகிறது, பணமாகக் குறைக்க முடிவதில்லை. பையன் கண்ணாடி அறையைப் பார்க்கிறான். அவனை முழுக்கக் குறை சொல்லவும் எனக்கு மனமில்லை. 2021 ஆகஸ்ட் 23 அன்று இந்தியப் போட்டி ஆணையம் மாருதி சுசுகிக்கு 200 கோடி ரூபாய் அபராதம் விதித்தது. நிறுவனம் வகுத்த அளவுக்கு மேல் தள்ளுபடியோ இலவசமோ தந்த டீலர்களுக்குத் தண்டம் போடப்பட்டது என்றும், அதைக் கண்டுபிடிக்க வாடிக்கையாளர் வேடத்தில் ஆட்கள் ஷோரூம்களுக்கு அனுப்பப்பட்டார்கள் என்றும் ஆணையம் சொன்னது. நிறுவனம் மேல்முறையீட்டுக்குப் போனது. டீலர் மனம் வைத்தாலும் விலை இறங்காமலிருக்க மேலே ஒரு கை இருக்கலாம் என்பதை அந்த வழக்கு வெளியே கொண்டுவந்தது. இந்த மேசையில் பையனின் கையில் தரப்பட்டிருப்பது மேட்டும் பெர்ஃப்யூமும்தான்.

மகள் போனை எடுத்து வைக்கிறாள். "இன்சூரன்ஸ் நான் வெளில பார்த்தேன். இதே கவரேஜ், 38 ஆயிரம் சொல்றாங்க."

"வெளில எடுத்தா கேஷ்லெஸ் கிடைக்காது மேடம்."

மூன்றாண்டு மூன்றாம் நபர் காப்பீடு புதுக் காருக்குக் கட்டாயம். 2018 செப்டம்பரிலிருந்து அப்படித்தான். 1000 முதல் 1500 சிசி வரையுள்ள காருக்கு 2022இல் அரசு நிர்ணயித்த தொகை 10,640 ரூபாய். வரி தனி. அது எந்தக் கம்பெனியில் எடுத்தாலும் மாறாது. மாறுவதெல்லாம் சொந்த வண்டிச் சேதத்துக்கான பங்கில். இடைவெளி அங்கேதான் ஒளிந்திருக்கிறது. தன்னிடமே எடுக்கச் சொல்லி டீலர் வற்புறுத்தக் கூடாது என்பது காப்பீட்டு ஒழுங்குமுறை ஆணையத்தின் விதி. கேஷ்லெஸ், அந்தக் காப்பீட்டு நிறுவனத்துக்கும் பணிமனைக்கும் உள்ள ஒப்பந்தத்தைப் பொறுத்தது.

மகளுக்கும் அது தெரிந்திருக்கிறது. "நீங்க சர்வீஸ் பண்ற இடம் அவங்க லிஸ்ட்ல இருக்குண்ணா. இப்பத்தான் பார்த்தேன்."

பையன் எழுந்து கண்ணாடி அறைக்குள் போகிறான். மேனேஜர் தாளைப் பார்க்காமலே ஏதோ சொல்கிறார். அப்பா சங்கடமாக நெளிகிறார். பிள்ளை கொஞ்சம் அதிகமாகப் பேசிவிட்டாளோ என்று அம்மாவைப் பார்க்கிறார். அம்மா பார்வையைத் திருப்பவில்லை.

அவன் திரும்பி வருகிறான். தாளில் கிட் கோடிட்டு அடிக்கப்பட்டிருக்கிறது, ஹேண்ட்லிங் சார்ஜ் அடிக்கப்பட்டிருக்கிறது. தங்கக் காசும் இல்லை, சீட் கவரும் இல்லை.

"இன்சூரன்ஸ் நீங்களே எடுத்துக்கலாம் மேடம். ஆனா டெலிவரி ரெண்டு வாரம் லேட் ஆகும்."

"ஆகட்டும்ணா. தேதியை மட்டும் இதுலயே எழுதிக் கையெழுத்துப் போட்டுக் குடுத்துருங்க."