எண்பத்திரண்டு மில்லிமீட்டர்

ஸ்கீயின் மேல் மூன்று எண்கள் அச்சிட்டிருக்கும். முனை, நடு, வால் மூன்றின் அகலமும் மில்லிமீட்டரில். வாங்குகிறவர்கள் சண்டை போடுவதெல்லாம் நடு எண்ணுக்காக. அதற்கு இடுப்பு என்று பெயர். ஸ்லாலம் பந்தய ஸ்கீயின் இடுப்பு 65-ஐ ஒட்டி இருக்கும். ஆழமான புதுப்பனிக்கென்றே செய்தவை 110-ஐத் தாண்டும்.

"அண்ணே, நூறுக்குக் கீழ வாங்காதீங்க. நல்ல பவுடர் விழுந்தா புதைஞ்சு போயிடுவீங்க" என்கிறான் தம்பி மாதிரிப் பழகும் நண்பன். அவன் இருப்பது யூட்டாவில். அங்கே ஆல்டாவில் ஒரு பருவத்துக்குச் சராசரியாக 500 அங்குலத்துக்கு மேல் பனி விழும், அதுவும் ஈரமில்லாத பனி. நான் இருப்பது வெர்மான்டில். ஜனவரியில் மழை பெய்து, ராத்திரியே உறைந்துவிடும் ஊர். காலையில் இயந்திரம் வாரிவிட்ட சரிவு பார்க்க அழகாக இருக்கும், காலடியில் தரை ஓடு மாதிரி இருக்கும்.

எனக்கு வயது 52. வலது முழங்காலில் குருத்தெலும்பு கிழிந்து தைத்து மூன்று வருடமாகிறது. "இன்னொரு தடவை ஆச்சுன்னா ஸ்கீயை எடுத்து அடுப்புல வெச்சிடுவேன்" என்று வீட்டில் சொல்லியாயிற்று. அதனால் இந்த எண்ணைக் கொஞ்சம் கணக்குப் போட்டே பார்த்தேன்.

கெட்டிப் பனியில் திரும்பும்போது ஸ்கீயைச் சாய்த்து அதன் எஃகு விளிம்பில் நிற்கிறோம். பூட்ஸின் அடிப்பாகம் முன்புறத்தில் சுமார் 69 மி.மீ. அகலம். இடுப்பு 72 என்றால் விளிம்பு பாதத்தின் நடுக்கோட்டிலிருந்து 36 மி.மீ. தள்ளி, கிட்டத்தட்ட பூட்ஸின் ஓரத்துக்கு நேர்கீழே. இடுப்பு 100 என்றால் 50 மி.மீ. விளிம்பு பூட்ஸுக்கு வெளியே போய்விடுகிறது. பனி ஸ்கீயைத் தட்டையாக்கப் பார்க்கும், கால் அதைச் சாய்த்தே பிடித்திருக்க வேண்டும். அந்த முறுக்கலில் பெரும்பங்கு முழங்காலுக்குத்தான். ஒரு திருப்பத்தில் தெரியாது, மதியம் மூன்று மணிக்குத் தெரியும்.

அகல ஸ்கீ வெறும் மோஸ்தர் என்று சொல்ல மாட்டேன். ஷேன் மெக்கான்கி அலாஸ்காவில் நீர்ச்சறுக்குக் கட்டைகளை மாட்டிக்கொண்டே மலையிலிருந்து இறங்கினார். ஆழப் பனி கிட்டத்தட்ட தண்ணீர், அதில் மிதக்கத்தான் வேண்டும் என்பது அவர் கட்சி. அவர் யோசனையில் 2000-களின் தொடக்கத்தில் வந்த வோலன்ட் ஸ்பாட்டுலாவின் இடுப்பு 125. புதைகிற பனியில் அடிப்பரப்பு முழுக்கத் தாங்குகிறது, ஒற்றை விளிம்புக்கு அங்கே வேலை குறைவு. மெக்கான்கி சொன்னது சரி, ஆனால் அவர் நின்ற இடம் வேறு.

அப்படியானால் 70-க்கே போய்விடலாமே? மார்ச் மாதப் பிற்பகலில் போய்ப் பாருங்கள். ஆயிரம் பேர் உழுதுபோட்ட கூழ்ப்பனியில் ஒல்லி ஸ்கீ முட்டி முட்டி நிற்கும். அதுவும் முழங்காலுக்கு ஆகாது.

82 வாங்கினேன். பவுடர் விழுகிற நாளில் அடிவாரக் கடையில் 105 வாடகைக்கு எடுத்துக்கொள்கிறேன். போன பருவத்தில் இரண்டு நாள் எடுத்தேன். வாடகை ஸ்கீயின் விளிம்பு மழுங்கித்தான் இருந்தது. பவுடரில் அதை யார் பார்க்கிறார்கள்.