நெடுந்தீவில் ஒரு வாரம்

யாழ்ப்பாணத்திலிருந்து பண்ணைப் பாலம் தாண்டி, வேலணை, புங்குடுதீவு வழியாகச் செல்லும் பஸ் குறிகட்டுவான் இறங்குதுறையில் நிற்கும். கடல் அமைதியாக இருந்தால் அங்கிருந்து படகில் ஏறக்குறைய ஒரு மணித்தியாலத்தில் நெடுந்தீவை அடையலாம். காற்று எழும்பினால் நேரம் கூடும். சில நாட்களில் படகே ஓடாது. 1985 மே 15 அன்று குமுதினிப் படகில் சென்ற மக்கள் கொல்லப்பட்டதும் இந்தக் கடலில்தான்.

கடந்த மார்கழியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை பெரியம்மாவைப் பார்க்க அங்கு போனேன். முருகைக்கற்களை அடுக்கிக் கட்டிய வேலிகள், வெளிகளில் மேயும் மட்டக்குதிரைகள், பழைய பெருக்கமரம் என்று பார்க்க வருபவர்களுக்கு அழகான தீவு. அங்கு வாழ்பவர்களுக்கோ நல்ல தண்ணீர்தான் முதற் கவலை. பல கிணறுகள் உவர். அதனால் எல்லா வீட்டிலும் வாளி, பரல், குடம் என்று தண்ணீரைச் சேர்த்து வைக்கிறார்கள்.

பெரியம்மாவுக்குச் சீனி வருத்தம். அவரோடு மகளும் பேத்தியும் இருக்கிறார்கள். அக்கா வன்னியில் மணமுடித்தவர். 2009 இல் கணவரை இழந்து, கைக்குழந்தையோடு முகாமில் இருந்து, பிறகு தாய்வீட்டுக்கு வந்தவர். அந்தக் குழந்தைக்கு இப்போது 16 வயது. ஆடு வளர்ப்பும் பனையோலைப் பின்னலும்தான் வருமானம்.

திங்கட்கிழமை ஆடு இரண்டு குட்டி ஈன்றது. இரண்டும் மறி. வீடே சிரித்தது. அன்றிரவே பிள்ளைக்குக் காய்ச்சல் தொடங்கியது. கடும் தலையிடி, கண்ணுக்குப் பின்னால் நோ, உடம்பு உளைவு. புதன்கிழமை தீவு வைத்தியசாலைக்குக் கூட்டிப்போனோம். டெங்காக இருக்கலாம் என்றார் வைத்தியர். பனடோல் மட்டும் அளவாகக் கொடுங்கள், வேறு நோ மாத்திரை வேண்டாம், கஞ்சி, இளநீர், ஜீவனி குடிக்கட்டும் என்று சொல்லி, எந்த அறிகுறி தெரிந்தால் உடனே வர வேண்டும் என்பதையும் விளங்கப்படுத்தினார்.

வெள்ளி காலை காய்ச்சல் விட்டது. "அப்பாடா, பிள்ளை தப்பிட்டுது" என்றார் பெரியம்மா. அக்கா மட்டும் பிள்ளையின் கையைத் தொட்டுப் பார்த்தார். "கை சில்லெண்டு கிடக்கு. காலமையிலையிருந்து சலமும் போகேல்லை" என்றார். சிறிது நேரத்தில் வயிற்றுநோவும் சத்தியும் தொடங்கின. டெங்கில் காய்ச்சல் இறங்கும் நேரம்தான் ஆபத்தான நேரம். இரத்தக் குழாய்களிலிருந்து நீர் வெளியே கசிந்து இரத்த அழுத்தம் விழக்கூடும். காய்ச்சல் விட்டதென்று அன்று வீட்டில் இருந்திருந்தால் என்ன நடந்திருக்கும் என்று நினைக்கவே பயமாக இருக்கிறது.

யாழ்ப்பாணத்துக்கு அனுப்ப வேண்டும் என்றார்கள். கடலோ கொந்தளிப்பு. பயணிகள் படகு நின்றுவிட்டது. அக்கா வாசலில் நின்று அழுதார். "அம்மாவை ஆர் பாக்கிறது? ஆட்டை ஆர் பாக்கிறது? கையிலை காசும் இல்லை." பெண் தலைமைத்துவக் குடும்பம் என்று நாம் எழுதும் சொல்லின் பாரம் அந்த மூன்று கேள்விகளிலும் இருந்தது.

பதிலும் அந்த ஒழுங்கையிலிருந்தே வந்தது. மாதர் சங்கத் தலைவி சேமிப்பிலிருந்து 10,000 ரூபாய் கொண்டுவந்தார். அயல்வீட்டு மாமி ஆடுகளைத் தன் வளவுக்கு அவிழ்த்துப் போனார். பெரியம்மாவோடு நான் நின்றேன். கடற்படைப் படகில் தாயும் மகளும் போக, குறிகட்டுவானில் 1990 இலவச அம்புலன்ஸ் காத்திருந்தது.

அன்றிரவு நாங்கள் இருவரும் தொலைபேசியைப் பார்த்தபடியே இருந்தோம். பத்து மணிக்குப் பிறகு, "சேலைன் ஏறுது, அழுத்தம் பரவாயில்லை" என்று ஒரு வரி வந்தது.

சனிக்கிழமை பெரியம்மாவின் கால் கழுவும்போது பெருவிரலுக்குக் கீழே ஒரு புண் கண்டேன். கல் வெட்டியிருக்கிறது, அவருக்குத் தெரியவேயில்லை. சீனி வருத்தம் நாட்பட்டால் பாதத்தில் உணர்ச்சி குறையும். நோகாத புண்தான் காலையே எடுக்க வைக்கிறது. வைத்தியசாலையில் மருந்து கட்டுவித்தோம். அன்று பின்னேரமே வளவையும் துப்புரவாக்கினோம். இளநீர்க் கோம்பை, யோகட் கோப்பை எல்லாவற்றையும் பொறுக்கினோம். பரல்களை உட்பக்கம் உரஞ்சிக் கழுவி மூடினோம். டெங்கு நுளம்பின் முட்டை பாத்திரத்தின் சுவரில் ஒட்டியிருக்கும். தண்ணீரை ஊற்றினால் மட்டும் போகாது.

ஞாயிறு காலை பிள்ளையே பேசினாள். "சித்தி, பசிக்குது. குட்டியள் பால் குடிக்குதோ?" பெரியம்மா தொலைபேசியைப் பறித்து, பேசாமல் அழுதுகொண்டிருந்தார்.

சகோதரிகளே, தண்ணீர் சேர்த்து வைக்கும் வீடுகள் நம்மிடையே நிறைய உண்டு. கிழமைக்கு ஒருநாள் பாத்திரங்களை உரஞ்சுங்கள். காய்ச்சல் இறங்கிய பின் வயிற்றுநோ, விடாத சத்தி, முரசில் இரத்தம், குளிர்ந்த கைகால், சலம் குறைதல், சோர்வு ஆகியவற்றில் ஒன்று தெரிந்தாலும் தாமதியாமல் வைத்தியசாலைக்குப் போங்கள். சீனி வருத்தம் உள்ளவர்களின் பாதத்தைத் தினமும் பாருங்கள். நீங்கள் வைத்தியசாலைக்குப் போக நேர்ந்தால் வீட்டை யார் பார்ப்பது, வழிச்செலவு எங்கிருந்து வரும் என்பதை நோய் வருமுன்னரே அயலவரோடு பேசி வையுங்கள். அதைச் சங்கக் கூட்டத்தில் ஒரு விடயமாக எடுத்தால் இன்னும் நல்லது.