ஒரு புஷ்ஷும் ஒரு துப்பாக்கியும்

மலருக்குக் கவிதை கேட்டார்கள் நண்பர்களே. எனக்குக் கவிதை வராது. வந்ததெல்லாம் ஒரு ஸ்கிராப் ஜாப்தான். அதைப் பற்றியே எழுதிவிடுகிறேன்.

மூன்றாம் செமஸ்டர் லேத் பிராக்டிகல். இரண்டிரண்டு பேராகப் பிரித்திருந்தார்கள். பார்ட்னர் ஷாஃப்ட் கடைய வேண்டும், நான் அதற்கான புஷ்ஷுக்குத் துளை போரிங் செய்ய வேண்டும். கடைசிக் கட்டில் விட்டத்தில் இன்னும் 1 மி.மீ. பாக்கி. டயலைச் சரியாக 1 மி.மீ. திருப்பினேன். மெக்கானிக்கல்காரர்கள் இதற்குள் சிரித்திருப்பீர்கள். மற்ற பிராஞ்ச் நண்பர்களுக்காகச் சொல்கிறேன்: டூல் 1 மி.மீ. நகர்ந்தால் சுற்றிலும் 1 மி.மீ. போகும், விட்டத்தில் 2 ஆகிவிடும். வெர்னியர் வைத்துப் பார்த்தேன். வியர்த்துவிட்டது.

வெளியே பார்த்தால் புஷ் பளபளவென்று கச்சிதமாக இருந்தது. யாருக்குத் தெரியப் போகிறது என்று பெட்டியில் போட்டுவிட்டு வந்துவிட்டேன். மறுநாள் அசெம்பிளி. பார்ட்னரின் ஷாஃப்ட் அதற்குள் கடகடவென்று ஆடியது. சார் இரண்டு பேருக்கும் மார்க்கைக் குறைத்தார். ஷாஃப்ட்தான் சின்னதாகிவிட்டது என்று பார்ட்னர் நினைத்துக்கொண்டான். நானும் வாயைத் திறக்கவில்லை.

அடுத்த வாரம் என் தலையில் விழுந்த செமினார் தலைப்பு: போரிங், ரீமிங். விதியைப் பாருங்கள்! லைப்ரரியில் புரட்டியபோது என்ஃபீல்டு 1853 துப்பாக்கி அகப்பட்டது. 1857 சிப்பாய்க் கலகம் என்றதும், தோட்டாவில் பசு, பன்றிக் கொழுப்பு என்று பரவிய பேச்சு நினைவுக்கு வருமே, அதே துப்பாக்கிதான். வாய்ப்பக்கமாக மருந்து போட்டுக் கெட்டிக்கும் வகை. குழல் 39 இன்ச், உள்விட்டம் .577 இன்ச். உள்ளே திருகு போல மூன்று பள்ளங்கள், 78 இன்ச்சுக்கு ஒரு சுற்று. அதாவது குண்டு வெளியே வருவதற்குள் அரைச் சுற்றுதான். ஆனால் அந்தச் சுழற்சியால்தான் அது பம்பரம் போல நிலைகொண்டு குறி தவறாமல் போகும்.

கலகம் அடங்கியதும் வெள்ளைக்கார அரசு என்ன செய்தது தெரியுமா? இந்தியச் சிப்பாய்களுக்கு என்று அந்தக் குழலின் பள்ளங்களைக் கடைந்தே எடுத்துவிட்டது. உள்விட்டம் .656 ஆனது. கணக்குப் போட்டுப் பார்த்தேன்: விட்டத்தில் 2 மி.மீ., சுற்றிலும் 1 மி.மீ. என் டயல் திரும்பிய அதே அளவு! தூரத்துக்கு ஏற்றபடி ஏற்றி இறக்கும் பின்குறிக்காட்டியையும் எடுத்துவிட்டு நகராத ஒன்றை வைத்தார்கள். வெளித்தோற்றத்தில் பெரிய மாற்றமில்லை. குறி மட்டும் போச்சு. வெள்ளைக்காரச் சிப்பாயின் துப்பாக்கிக்கு எதிரே இது நிற்கக்கூடாது என்பதுதான் கணக்கு. நான் தெரியாமல் கெடுத்தேன், அவர்கள் தெரிந்தே கெடுத்தார்கள். நல்ல ஃபிட்டர்களின் கை வேலையாகத்தான் இருந்திருக்க வேண்டும், அதுதான் எனக்கு உறுத்தியது.

அதோடு போகவில்லை. குழலின் சுவர் மெலிந்துவிட்டது. சுடும்போது புடைத்தது, சில சமயம் வெடித்தது. பயனெட் மாட்டினால் வளைந்தது. பிறகு 1859 மாடலில் சுவரைத் தடிமனாக்கினார்கள். அப்போதும் பள்ளம் வைக்கவில்லை.

இதையெல்லாம் போர்டில் படம் போட்டுச் சொல்லி முடித்தேன். கேள்வி உண்டா என்றார் சார். கடைசி பெஞ்சிலிருந்து பார்ட்னர் எழுந்தான். "குழல் வெடிச்சா அடி யாருக்குடா? கடைஞ்சவனுக்கா?"

"இல்ல... கையில வச்சிருக்கவனுக்கு" என்றேன். அதற்கு மேல் எனக்குப் பேச்சு வரவில்லை.

சாயங்காலம் ஒர்க்‌ஷாப்புக்குப் போய், தப்பு ஷாஃப்டில் இல்லை சார், என் புஷ்ஷில்தான் என்று சொன்னேன். மார்க் லிஸ்ட் ஆபீசுக்குப் போயாச்சே என்றார். கொஞ்ச நேரம் என்னையே பார்த்துவிட்டு ஒரு துண்டு ராடைக் கையில் கொடுத்தார். இந்தத் தடவை டயலை அரை மி.மீ.தான் திருப்பினேன். ஷாஃப்ட் சொத்தென்று உட்கார்ந்தது.

மார்க் மாறவில்லை. பார்ட்னர் டீக்கு வந்தான், காசு நான்தான் கொடுத்தேன்.