பென்குயினும் எங்க குப்பமும்

நான் இருக்கிற கார்டிஃப், வேல்ஸின் தலைநகர். இங்கே சாலைப் பலகை எல்லாம் இரண்டு மொழியில். பக்கத்து ஊர் பிரிஜெண்டுக்கு வெல்ஷில் 'பென்-அ-பாண்ட்' என்று ஆரம்பிக்கிற பெயர். பென் என்றால் தலை, பாண்ட் என்றால் பாலம். 'க்வின்' என்றால் வெள்ளை. சேர்த்துச் சொல்லிப் பாருங்க... பென் க்வின், வெள்ளைத் தலை! பென்குயின் வந்த வழி இதுதான் என்று பலர் சொல்கிறார்கள். (கொழுப்புக்கான லத்தீன் சொல்லிலிருந்து வந்தது என்போரும் உண்டு. "பெண்+குயின், தமிழேதான்" என்பது எங்க சித்தப்பாவின் வாட்ஸப் கட்சி :-))

என் எட்டு வயசுக்காரி விடுவாளா? "அப்பா, பென்குயினுக்குத் தலை கறுப்பாச்சே?"

நியாயம்தான். அந்தப் பெயர் முதலில் வேறொரு பறவைக்கு. வட அட்லாண்டிக்கில் 'கிரேட் ஆக்' என்று ஒன்று இருந்தது. பறக்காது, நிமிர்ந்து நிற்கும், கண்ணுக்கு முன்னால் வெள்ளைத் திட்டு. 16ஆம் நூற்றாண்டு மாலுமிகள் தெற்கே போனபோது, அதே சாயலில் நின்ற பறவைகளுக்கும் அதே பெயரைச் சொல்லிவிட்டார்கள். அசலை இறைச்சிக்கும் இறகுக்கும் அடித்தே தீர்த்தாயிற்று. 1844ல் ஐஸ்லாந்தை ஒட்டிய எல்டே தீவில் கடைசி ஜோடியும் போனது. பெயர் மட்டும் பிழைத்து, ஆங்கிலம் வழியாக 'பெங்க்வின்' என்று வெல்ஷுக்கே திரும்பி வந்திருக்கிறது.

"அப்போ நம்ம ஊர்ப் பேரு?" என்றாள்.

குப்பம் என்றால் சென்னைக்காரர்களுக்கு நொச்சிக்குப்பம் மாதிரி மீனவர் குடியிருப்பு. எங்க குப்பத்தில் கடல் ஏது? சித்தூர் மாவட்டத்தின் தென்மேற்கு மூலை, கிரானைட் பாறை, ஜோலார்பேட்டையிலிருந்து பெங்களூர் போகிற ரயில். தெலுங்கில் 'குப்ப' என்றால் குவியல். பழந்தமிழில் குப்பை என்றாலும் குவியல்தான். குடிசைகள் குவிந்த இடம் குப்பம் ஆகியிருக்கும் என்று எனக்குத் தோன்றுகிறது.

அவள் கேட்டதற்குக் காரணம் பிறகுதான் தெரிந்தது. தமிழ் வகுப்பில் யாரோ, "உங்க ஊர் ஆந்திராவா, அப்போ நீங்க தெலுங்குதானே?" என்றிருக்கிறார்கள். குழந்தைக்கு முகம் சுருங்கிவிட்டது. வீட்டில் தமிழ், பள்ளிக்கூடத்தில் தெலுங்கு, சந்தையில் கொஞ்சம் கன்னடம் என்று வளர்ந்தவன் நான். 1997ல் திராவிடப் பல்கலைக்கழகத்தை அங்கே கொண்டுவந்து வைத்ததில் எனக்கு ஆச்சரியமே இல்லை.

டிசம்பரில் ஊருக்குப் போகிறோம். பெங்களூரில் இறங்கி ரயில். முதல் நாளே அவளைச் சந்தைக்கு அழைத்துப்போய், தக்காளிக்காரம்மா மூன்று மொழியில் பேரம் பேசுவதைக் கேட்கவைக்க வேண்டும்.