மோட்டார் சைக்கிளுக்கு வாய் வந்த கதை

நாற்பத்தைந்து வயதைத் தாண்டிய ஆடவர்க்கெல்லாம் ஏதேனும் ஒரு பைத்தியம் பிடிக்கும் என்பது எமது இல்லாளின் துணிபு. அடுத்த வீட்டு ஆசிரியருக்குப் புறா வளர்ப்பு. கொழும்பிலிருக்கும் மைத்துனருக்குச் சோதிடம். எமக்கு வாய்த்தது மோட்டார் சைக்கிள். யாழ்ப்பாணத்திலிருந்து கதிர்காமம் வரை அதிலேயே போய்த் திரும்பியவர்கள் நாம். ஆகவே அவளுடைய துணிபைப் பிழையென்று வாதிட எம்மால் இயலாது.

வண்டி 250 சீ.சீ. வலுவுள்ளது. முன்னே காற்றைத் தடுக்கும் கண்ணாடி. பின்னே சாமான் வைக்க இரு பெட்டிகள். நெடும்பயணத்துக்கு வேண்டிய யாவும் இருந்தன. பாட்டு ஒன்றுதான் இல்லை. அமெரிக்காவிலும் கனடாவிலும் ஓடும் பெரிய வண்டிகளில் வானொலியும் ஒலிபெருக்கியும் தொழிற்சாலையிலேயே பொருத்தப்பட்டு வருவதைப் படங்களிற் கண்டிருந்தோம். ஹொண்டாவின் கோல்ட் விங் என்னும் வண்டியில், வேகம் கூடினால் பாட்டின் ஒலியும் தானே கூடும். வேகம் தணிந்தால் ஒலியும் தானே தணியும். 2001ஆம் ஆண்டில் வந்த 1,800 சீ.சீ. கோல்ட் விங்கின் மின்பிறப்பாக்கி 1,100 வாற்று வரை தரவல்லது. எமது வண்டியினுடையதோ 200 வாற்றுக்குச் சற்று மேல். அதிலே முகப்பு விளக்குக்கு 55 வாற்றுப் போக, தீப்பொறிக்கும் பின்விளக்குகளுக்கும் வேறு கொடுக்க வேண்டும். இந்தக் கணக்கையெல்லாம் பார்க்காமலே, பட்டணத்துக் கடையொன்றில் ஓர் அம்பிளிபயரும் இரண்டு ஸ்பீக்கரும் வாங்கி வந்துவிட்டோம். பெட்டியின் மேல் ‘1,000 வாற்று’ என்று பொன்னெழுத்திற் பொறித்திருந்தது.

இவ்விடத்திலே எமது பெரியப்பாவைப் பற்றிச் சொல்ல வேண்டும். இப்பொழுது அவருக்கு 84 வயது. 1960களில் எங்கள் ஊரிலே ‘ஸ்பீக்கர்க்காரர்’ என்றால் அவர்தான். கலியாண வீடு, கோயில் திருவிழா, வாசிகசாலை ஆண்டு விழா என்று எங்கே கொட்டகை போட்டாலும் பெரியப்பாவின் குழாய் ஸ்பீக்கர்கள் பனைமரத்திலே ஏறிவிடும். மின்சாரம் எட்டாத ஊர்களுக்குக் கார்ப் பற்றறியைச் சைக்கிளிலே கட்டிக்கொண்டு போவார். வால்வு பழுதானால் கொழும்புக்குப் போய் வாங்கி, யாழ்தேவியில் ஏறி, வழி நெடுக அதைக் கைக்குழந்தைபோல் மடியில் வைத்துக்கொண்டு வருவாராம். அந்தத் தொழில் அவருக்குக் கல்வீட்டைக் கொடுத்தது, காதை எடுத்துக்கொண்டது. கீச்சென்ற ஒலிகள் முதலில் மறைந்தன. பின்னர் பெண்களும் பிள்ளைகளும் பேசுவது தெளியாமற் போயிற்று. இப்பொழுது அருகிலே நின்று உரத்துப் பேசினால் மாத்திரம் கேட்கும்.

முற்றத்திலே வண்டியைப் பிரித்துப் போட்டிருந்த எம்மைக் கண்டதும், ஊன்றுகோலை ஒருபுறம் சாத்திவிட்டுப் பெரியப்பா குந்திக்கொண்டார்.

“தம்பி, பெட்டியிலை எழுதினதை விடு. அதின்ரை பியூசைக் காட்டு.”

காட்டினோம். 15 அம்பியர். வண்டி ஓடும்போது பற்றறியில் ஏறத்தாழ 14 வோல்ற்று நிற்கும். இரண்டையும் பெருக்கினால் 210 வாற்று. “இருநூற்றுப் பத்தைத் திண்டுபோட்டு ஆயிரத்தைக் கக்கிற சீவன் உலகத்திலை இல்லையடா” என்றார். வாங்கிய விலையை அவரிடம் கூறாதது நல்லதாயிற்று.

எமது வேலையிலே அவர் கண்ட அடுத்த குற்றம் இதனினும் பெரிது. வீட்டிலே மீந்து கிடந்த மெல்லிய வயரைப் பற்றறியிலிருந்து பெற்றோல் தாங்கியின் கீழாக முன்பக்கம் வரை இழுத்திருந்தோம். 15 அம்பியர் ஓடுமிடத்து அத்தகைய வயரிலே ஒரு வோல்ற்றுக்கு மேல் வழியிலேயே தொலைந்துவிடும்; வயரும் சூடேறும். அவர் அஞ்சியது அதற்குமல்ல. கைபிடி திரும்புந்தோறும் வயர் சட்டத்தோடு உராயும். என்றோ ஒருநாள் உறை தேய்ந்து செம்பு இரும்பைத் தொடும். அப்பொழுது பற்றறியின் முழு வலுவும் அந்த ஓரிடத்திற் பாயும். அதன் நேர் மேலேதான் பெற்றோல் இருக்கிறது.

“பியூஸ் எங்கை வைச்சனி?”

“அம்பிளிபயரிலேயே இருக்கிறதே, பெரியப்பா.”

“அது அம்பிளிபயருக்கு. வயருக்கு எங்கை?”

பற்றறியின் நேர்முனையிலிருந்து ஒரு சாண் தூரத்துக்குள்ளே பியூஸ் இருக்கவேண்டும் என்பது அன்று எமக்குப் பாடமாயிற்று. மெல்லிய வயரைக் கழற்றிவிட்டு 4 சதுர மில்லிமீற்றர்ச் செம்பு வயர் போட்டோம். கைபிடியருகே இறப்பர்க் குழாயை உறையாக மாட்டினோம். மழை நீர் தங்காதபடியும் அதிர்வு தாக்காதபடியும் அம்பிளிபயரை இருக்கையின் கீழே இறப்பர்த் துண்டுகளின் மேல் வைத்துப் பூட்டினோம். இவ்வளவையும் ஒரு வரியிலே எழுதிவிடலாம். செய்து முடிக்க இரண்டு ஞாயிற்றுக்கிழமைகள் போயின.

மூன்றாம் ஞாயிறு இயந்திரத்தை முடுக்கிப் பாட்டைப் போட்டதும் பாட்டோடு கூட நுளம்பின் ரீங்காரம் போன்ற ஓர் ஒலியும் வந்தது. வேகத்தைக் கூட்டினால் அதுவும் சுருதி ஏறிற்று. பெரியப்பாவைப் பார்த்தோம். அவர் முகத்திலே ஒரு மாற்றமுமில்லை. அந்த ஒலி அவருடைய காதுக்கு எட்டாதென்பது அப்பொழுதுதான் எமக்கு உறைத்தது. அவர் அதைப் புரிந்துகொண்டவர்போல எமது பத்து வயது மகளைக் கூப்பிட்டு அருகே இருத்தினார். “பிள்ளை, நான் ஒவ்வொண்டாய்ச் செய்யிறன். நிண்டால் கையைத் தூக்கு.” அம்பிளிபயரின் எதிர்முனை வயரை ஓரிடத்திலும், பாட்டுக் கருவியினுடையதை வேறோரிடத்திலும் சட்டத்திற் பூட்டியிருந்தோம். இரண்டிடத்துக்கும் இடையே ஓடும் சிறு மின்னோட்டமே அந்த ரீங்காரத்துக்குக் காரணம். பெரியப்பா இரண்டையும் கழற்றிப் பற்றறியின் எதிர்முனை ஒன்றிலேயே சேர்த்தார். மகள் கையைத் தூக்கினாள். கிழவர் வாய்விட்டுச் சிரித்தார். கண் கொண்டு காணமுடியாத பழுதை, தாம் காது கொண்டு கேட்கவும் முடியாத பழுதை, ஒரு குழந்தையின் காதை இரவல் வாங்கித் திருத்திய அந்த வித்தையை எந்தப் பொறியியற் கல்லூரியிலே கற்பிப்பார்கள்?

அடுத்த மாதம் கிளிநொச்சிப் பக்கமுள்ள உறவினர் வீட்டுக்குத் தனியே புறப்பட்டோம். ஏ9 வீதியில் வேகம் ஏற ஏறப் பாட்டுத் தேய்ந்து போயிற்று. தலைக்கவசத்தினுள் மோதும் காற்றின் இரைச்சல் அத்தகையது. மணிக்கு 100 கிலோமீற்றர் வேகத்திலே அது 95 டெசிபெலையும் தாண்டும் என்பர். 85 டெசிபெல்லை நாளொன்றுக்கு எட்டு மணி நேரம் கேட்கலாம், அதற்கு மேல் ஒவ்வொரு 3 டெசிபெலுக்கும் அந்த நேரம் பாதியாகும் என்பது அமெரிக்கத் தொழிற்சுகாதார நிலையத்தார் வகுத்த கணக்கு. அதன்படி 100 டெசிபெலுக்குக் கால் மணி நேரமே கிடைக்கும். காற்றை வெல்லப் பாட்டைக் கூட்டுவதும் எளிதன்று. காதுக்கு இருமடங்கு உரத்துத் தோன்ற வேண்டுமாயின் வாற்றுப் பத்து மடங்காக வேண்டும். சாதாரண ஸ்பீக்கரோ தனக்குக் கொடுத்த மின்வலுவில் நூற்றிலொரு பங்கைத்தான் ஒலியாக்கும். மீதி வெறும் சூடு. பெரியப்பாவின் பழைய குழாய்கள் கால் பங்கு வரை ஒலியாக்கின. அதனாலேதான் முப்பது வாற்றில் மூன்று ஊர் கேட்டது. இவை யாவும் தெரிந்திருந்தும் குமிழை முழுவதும் திருப்பிவிட்டு நாம் ஆனந்தமாய்ப் போய்க்கொண்டிருந்தோம்.

பரந்தனைக் கடந்து கிரவல் ஒழுங்கையொன்றில் இறங்கினோம். வேகம் தணிந்தது, காற்றும் நின்றது. பாட்டு மாத்திரம் காற்றை வெல்லத் திருப்பிய அதே அளவில் நின்றது. கோல்ட் விங்குக்குத் தெரிந்த அந்தச் சிறு மரியாதை எமது வண்டிக்குத் தெரியாது. எதிரே படலையும் காவலாளியும் இல்லாத புகையிரதக் கடவை. அதன் அப்பால் மாடு சாய்த்து நின்ற ஓர் அம்மையார் கைகளிரண்டையும் உயர்த்தி ஆட்டினார். பாட்டுக்கு ஆடுகிறார் என்றே நினைத்தோம்; வெட்கத்தை விட்டு எழுதுகிறோம், நாமும் ஒரு கையைத் தூக்கிக் காட்டினோம். அவர் தம் கையிலிருந்த தடியை எம்மை நோக்கி எறிந்தார். தடிக்காகவே தடையை அழுத்தினோம்.

தண்டவாளத்துக்கு ஏழெட்டு அடி இப்பால் வண்டி நின்றது. அடுத்த கணம் கொழும்பு நோக்கிப் போகும் யாழ்தேவி கண்முன்னே சுவர் எழும்பினாற்போலக் கடந்தது. 1956இல் ஓடத்தொடங்கி, போரினால் 1990இல் நின்று, 2014இல் யாழ்ப்பாணத்துக்கு மீண்டு வந்த வண்டி. ஊதிக்கொண்டுதான் வந்திருக்கும். கடைசிப் பெட்டி போன பின்னும் எமது அம்பிளிபயர் பாடிக்கொண்டேயிருந்தது. அந்த அம்மையார் தண்டவாளத்தைத் தாண்டி வந்து பேசிய பேச்சை இங்கே அச்சிட முடியாது. அதிலே ஒரு சொல்லுக்கும் எம்மிடம் மறுமொழி இருக்கவில்லை.

வீட்டிலே யாருக்கும் சொல்லவில்லை. பெரியப்பாவிடம் மாத்திரம், முற்றத்து வேம்பின் கீழே, அவருடைய காதுக்கருகிற் குனிந்து சொன்னோம். இரகசியத்தை உரத்துச் சொல்ல வேண்டியிருந்தமையால் இல்லாளும் கேட்டுவிட்டாள். அவள் ஒன்றும் பேசவில்லை. அது இன்னும் பொல்லாதது. பெரியப்பாவும் ஏசவில்லை. “வண்டியைக் கொண்டா” என்றார்.

அம்பிளிபயரை எழுப்புவதற்கென்று அதிலே ஒரு நீல வயர் உண்டு. அதில் 12 வோல்ற்று வந்தால் அது பாடும், நின்றால் உறங்கும். மிகச் சிறிய மின்னோட்டமே அதில் ஓடுவதால் சிறிய சுவிச்சே போதும். அதைக் கைபிடியின் இடப்புறத்தில், பெருவிரல் தானே சென்று விழும் இடத்தில் பெரியப்பா பொருத்தினார். நடுங்கும் கையாற் பற்றாசு வைக்க அரை மணி நேரம் சென்றது.

சென்ற வாரம் அவரைப் பின்னால் இருத்திக்கொண்டு சாவகச்சேரிக்குப் போய்வந்தோம். ஸ்பீக்கரொன்றை அவருடைய கைக்கெட்டும்படி பின்பெட்டியின் பக்கத்தில் மாற்றியிருக்கிறோம். பாட்டு அவருக்குக் கேட்பதில்லை. வழிநெடுக உள்ளங்கையை அதன் முகத்திலே வைத்தபடி இருந்தார். கடவையை அண்மித்ததும் எமது பெருவிரல் சுவிச்சை அழுத்திற்று. பின்னாலிருந்து குரல் வந்தது:

“ஓம், நிண்டிட்டுது. நீ இப்ப காதைக் குடு.”