நமுத்துப் போகும் முன்னே

சேலம் சீமையில் பிறந்து வளர்ந்தவனுக்குச் சாயங்காலத்தில் உண்டாகிற பசிக்குத் தட்டுவடை செட் என்றே பெயர். குகையிலும் அம்மாபேட்டையிலும், தறிச் சப்தம் கேட்கும் தெருக்களின் முனையில் நிற்கும் தள்ளுவண்டிகளில் பிரசித்தி அடைந்த இந்தச் சிற்றுண்டி, ஆத்தூர் மார்க்கமாகக் கிழக்கே வந்து, மரவள்ளிக் கொல்லைகள் சூழ்ந்த எங்கள் கெங்கவல்லி ஜனங்களுக்கும் நித்தியப் பழக்கமாகிவிட்டது. பெரிய ஓட்டல்களின் விருந்துகளில் இதற்கு ஸ்தானம் கிடையாது. ஆயினும், வெளியூரில் பல வருஷங்கள் உத்தியோகம் பார்த்துவிட்டுத் திரும்புகிறவன், பஸ்ஸை விட்டு இறங்கியதும் முதலில் தேடுவது இதைத்தான்.

வண்டிக்காரரின் கைவேலையைச் சற்று அருகில் நின்று பார்க்க வேண்டும். அரிசி மாவும் பொட்டுக்கடலை மாவும் கலந்து, விரல் தடம் தெரியும்படி மெல்லியதாகத் தட்டி, எண்ணெயில் மொறுமொறுவென்று பொரித்தெடுத்த சின்னஞ்சிறு தட்டுவடைகளை வரிசையாகப் பரப்பி, ஒவ்வொன்றின் மேலும் கொத்தமல்லிப் பச்சைச் சட்னியை ஒரு தொடு, மிளகாயும் பூண்டும் சேர்த்து அரைத்த சிவப்புச் சட்னியை ஒரு தொடு தொட்டு, காரட், பீட்ரூட் துருவலையும் பொடியாக அரிந்த வெங்காயத்தையும் சிறு குன்றுபோல் குவித்து, இன்னொரு தட்டுவடையால் மூடி, உடையாதபடி பெருவிரலால் மெல்ல அமுக்கி அவர் நீட்டுகிறபோது, அத்தனையும் சில விநாடிகளில் முடிந்துவிட்டிருக்கும். அந்த வேகம் பழக்கத்தின் அலங்காரம் என்று நான் ஒருகாலும் எண்ணியதில்லை. பதார்த்தத்தின் ஜீவனே அந்த வேகத்தில் இருக்கிறது. உலர்ந்த வடையும் ஈரமான சட்னியும் சந்தித்த க்ஷணத்திலிருந்து ஒன்றை ஒன்று அழிக்கத் தொடங்குகின்றன. அந்த அழிவு பூர்த்தியாகும் முன்னே வாயில் போட்டுக்கொண்டவனுக்குத்தான் மொறுமொறுப்பும் காரமும் பீட்ரூட்டின் தித்திப்பும் தனித்தனியாகவும் ஒருங்கேயும் கிட்டும்.

கனடா தேசத்தில் குவிபெக் மாகாணத்து ஜனங்கள் பூட்டின் என்ற ஒரு பதார்த்தத்தை இவ்விதமே கொண்டாடுகிறார்கள். பொரித்த உருளைக்கிழங்கின் மேல் பாலாடைக்கட்டித் துணுக்குகளை இறைத்து, கொதிக்கும் குழம்பை ஊற்றித் தருவார்கள். 1957-இல் வார்விக் என்னும் சிற்றூரில் பெர்னான் லாஷான்ஸ் என்ற ஓட்டல்காரர், வாடிக்கைக்காரர் ஒருவர் கேட்டபடி கிழங்கையும் பாலாடைக்கட்டியையும் ஒரே பையில் போட்டுக் கொடுத்ததிலிருந்து அது பிறந்தது என்று ஒரு விருத்தாந்தம் உண்டு. குழம்போடு சேர்த்து முதலில் விற்ற பெருமை தங்களுடையதே என்று ட்ரம்மண்ட்வில் நகரத்தார் வாதிப்பார்கள். அன்றைக்குத் திரண்ட பாலாடைக்கட்டி பல்லில் கடிபடும்போது கிறீச்சென்று சப்தமிடும் என்றும், குளிர்ப்பெட்டியில் வைத்துவிட்டால் அந்தச் சப்தம் குன்றிவிடும் என்றும் அறிந்தபோது, அவர்களும் நம்மைப் போலவே காலத்தோடு போட்டியிட்டு உண்கிறவர்கள் என்று எனக்கு மிகுந்த சந்தோஷம் உண்டாயிற்று.

வீட்டில் செய்கிற செட்டின் சங்கதி வேறு. சட்னியின் ருசியில் வீடு கடையை வென்றுவிடும். அம்மாயி அம்மியில் அரைத்த பூண்டுச் சட்னிக்கு நிகராக எந்த வண்டியிலும் நான் கண்டதில்லை. ஆனால் சிரமம் பரிமாறுகிற இடத்தில் வருகிறது. எல்லோருக்கும் அடுக்கி முடித்துவிட்டுத் தாம் சாப்பிட உட்காருகிறவருக்கு, அது யாராயினும், நமுத்த வடைதான் மிஞ்சும். "சீக்கிரம் தின்னு கண்ணு, நமுத்துப் போயிரும்" என்று எங்களை விரட்டிக்கொண்டே அடுக்கிய அம்மாயி, தன் பங்கை எப்போதும் நமுத்த பிறகே தின்றாள் என்பது பிள்ளைகளாகிய எங்கள் கண்ணில் அந்நாளில் படவே இல்லை. ஆகையால் இப்போது எங்கள் வீட்டில் வடைத் தூக்கையும் சட்னிக் கிண்ணங்களையும் நடுவில் வைத்துவிட்டு, அவரவர் செட்டை அவரவரே அடுக்கிக்கொள்ளும்படி ஏற்பாடு செய்திருக்கிறோம். குழந்தைகள் அடுக்குவது கோணலாக இருக்கும். வெங்காயம் பாயில் சிந்தும். எனினும் ஒருவரும் கடைசியில் சாப்பிட வேண்டியதில்லை. தூக்கின் அடியில் மிஞ்சும் உடைந்த வடைகளை மேலும் நொறுக்கி, எஞ்சிய துருவலோடும் சட்னியோடும் பிசறினால் நொறுக்கல் ஆகிறது; எங்கள் வீட்டுப் பிள்ளைகள் செட்டைவிட இதற்கே அதிகம் சண்டை போடுகிறார்கள்.

தூரதேசம் போகிறவர்கள் தட்டுவடைப் பொட்டலங்களைப் பெட்டியில் அடுக்கிக்கொண்டு போகிறார்கள். காற்றுப் புகாமல் காத்தால் வடை பல நாள் கெடாது. சட்னியை மட்டும் அங்கே அன்றன்றைக்கு அரைத்துக்கொள்ள வேண்டும். தண்ணீர் அதிகம் விடலாகாது. பீட்ரூட்டைத் துருவியதும் இலேசாகப் பிழிந்துவிட்டு, எலுமிச்சம்பழச் சாற்றை, எல்லோரும் வந்து உட்கார்ந்தான பிறகு, துருவலின் மேல் விடுவது உத்தமம்.