அப்பத்தா கண்டுபிடித்த பட்டினி

எங்கள் வீட்டு ஹாலில் ஒரு காலத்தில் டி.வி. இருந்த இடத்தில் இப்போது நாலடி நீளக் கண்ணாடித் தொட்டி இருக்கிறது. உள்ளே உப்புத் தண்ணீர், பாறைகள், ஆரஞ்சு நிறத்தில் இரண்டு க்ளவுன் மீன்கள். அப்புறம் 'ராக்கோழி'.

ராக்கோழி ஒரு நட்சத்திர மீன். பகலெல்லாம் பாறைக்கு அடியில் ஒளிந்துகொண்டு, விளக்கை அணைத்ததும் ஊர் சுற்றக் கிளம்பும். அதனால் மகன் வைத்த பெயர் இது. 2022 ஆகஸ்ட்டில் வந்தது, இன்னமும் நன்றாக இருக்கிறது. வீட்டுக்கு வருகிறவர்கள் ஆச்சரியப்பட்டு, "எப்படிங்க இவ்வளவு நாள் வெச்சிருக்கீங்க?" என்று கேட்பார்கள்.

அந்தக் கேள்விக்கு நேரடியாகப் பதில் சொல்ல எனக்குக் கூச்சம். ஏனென்றால் இதற்கு முன்னால் ஒன்றை நாங்கள் பட்டினி போட்டுக் கொன்றிருக்கிறோம்.

2021. கொரோனா காலம். ஆறாவது படித்துக்கொண்டிருந்த மகன் செல்போனும் கையுமாக வீட்டுக்குள்ளேயே அடைந்து கிடந்தான். ஆன்லைன் வகுப்பு முடிந்ததும் கடல் மீன் தொட்டி வீடியோக்களைப் பார்ப்பான். "அம்மா, நம்ம வீட்டுலயும் வைக்கலாம்மா" என்று நச்சரிப்பு. ஒரு கட்டத்தில் என் கணவரும் அவன் கட்சியில் சேர்ந்துவிட்டார். ஜூலையில் தொட்டி வந்தது. ஆர்.ஓ. தண்ணீர், அதில் கலக்கக் கடல் உப்பு, உப்பளவு பார்க்க ஒரு கருவி, கோடை வெயிலைச் சமாளிக்கத் தண்ணீரைக் குளிர வைக்கும் மெஷின் என்று செலவு ஏறிக்கொண்டே போனது. கரன்ட் பில்லைப் பற்றிக் கேட்காதீர்கள்.

வீடியோவில் பார்ப்பது போல நிஜப் பவளம் வைக்கவில்லை. நம் நாட்டில் பவளப்பாறைகள் 1972-ம் வருட வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் இருப்பவை. புலிக்கு இருக்கிற அதே பாதுகாப்பு. அதனால் செயற்கைப் பாறைகளை அடுக்கிக் குகை மாதிரி அமைத்தோம்.

மூன்றாவது மாதம், மகன் பிறந்தநாளுக்கு ஒரு நீல நட்சத்திர மீன் வாங்கப் போனோம். இங்க் பாட்டிலைக் கவிழ்த்தது போல அப்படி ஒரு நீலம். கடைக்காரரிடம், "இதுக்கு என்ன போடணும்?" என்று கேட்டேன்.

"எதுவும் போட வேண்டாம் மேடம். கண்ணாடியில படியற அழுக்கைத் தின்னுட்டுக் கிடக்கும். ரொம்ப ஈஸி."

செலவு வைக்காத ஜீவன் ஒன்றாவது கிடைத்ததே என்று எனக்குச் சந்தோஷம்.

கொண்டு வந்ததும் அவசரப்படவில்லை. நட்சத்திர மீனின் உடம்புக்குள் ஓடுவது ரத்தம் இல்லை, கிட்டத்தட்டக் கடல் நீரேதான். வெளியே உப்பளவு சட்டென்று மாறினால் அதற்குத் தாங்காது. அதனால் மெல்லிய குழாயில் ஒரு முடிச்சுப் போட்டு, தொட்டித் தண்ணீரைச் சொட்டுச் சொட்டாக அதன் வாளியில் விட்டோம். ஆஸ்பத்திரியில் டிரிப்ஸ் ஏற்றுவது போல இரண்டரை மணி நேரம். அப்புறம்தான், காற்றுப் படாமல், தண்ணீரோடு முகந்து உள்ளே இறக்கினோம்.

மறுநாள் அது கண்ணாடியில் ஏறியது. அடியில் நூற்றுக்கணக்கான குட்டிக் கால்கள், உறிஞ்சி உறிஞ்சி நகர்ந்தன. மகன் அப்பத்தாவை இழுத்து வந்து உட்கார வைத்து வகுப்பே எடுத்தான். "இதுக்கு ரத்தம் கிடையாது அப்பத்தா. மூளையும் கிடையாது. ஒவ்வொரு கை நுனியிலயும் ஒரு கண் இருக்கு!"

என் மாமியார் ராமேஸ்வரம் பக்கம் கடற்கரையில் பிறந்து வளர்ந்தவர். அவருடைய அப்பாவுக்குச் சொந்தமாக வள்ளம் இருந்தது. எல்லாவற்றையும் கேட்டுவிட்டு அவர் சொன்னார், "மூளை இல்லாட்டிப் போகுதய்யா. வயிறு இருக்குல்ல?"

நாங்கள் சிரித்தோம்.

பொங்கலுக்கு இரண்டு நாள் முன்னால், மாலைக் காபியோடு தொட்டி முன்னால் உட்கார்ந்திருந்தவர் என்னைக் கூப்பிட்டார். "ஏம்மா, இது மெலிஞ்சு போச்சு."

"அது எப்படி அத்தை மெலியும்? ஓடு மாதிரி கெட்டியா இருக்கு."

"கையைப் பாரு. வந்தப்ப உருண்டையா இருந்துச்சு. எங்கய்யா வலையில வந்து விழும்போது எடுத்துத் தண்ணியில வீசுவேன். கையில கனமா இருக்கும். இது பட்டினி கிடக்கு."

கணவர் உடனே தண்ணீரைச் சோதித்தார். உப்பளவு 1.025, சரி. வெப்பம் 26 டிகிரி, சரி. அம்மோனியா இல்லை. நைட்ரேட் குறைவு. "எல்லாம் பெர்ஃபெக்ட்மா" என்று அத்தையிடம் சொன்னார். அத்தை ஒன்றும் பேசவில்லை. காபி டம்ளரை எடுத்துக்கொண்டு எழுந்து போய்விட்டார்.

மார்ச் கடைசியில் அதன் கைகளில் நீளவாக்கில் சுருக்கம் விழுந்தது. கண்ணாடியைப் பிடிக்க முடியாமல் நழுவிக் கீழே விழும். ஏப்ரலில் ஒரு கை நுனி வெளுத்தது. ஒரு காலையில் பார்த்தபோது தளர்ந்து கரைய ஆரம்பித்திருந்தது. அப்படியே விட்டால் தண்ணீர் கெட்டு மீன்களும் போய்விடும் என்பதால் அழுதுகொண்டிருந்த பையனை நகர்த்தி வைத்துவிட்டு, வேகவேகமாக எடுத்துப் பாதித் தண்ணீரை மாற்றினோம்.

"நான் என்னம்மா தப்பு பண்ணினேன்?" என்று கேட்டான். இரண்டு வாரம் தொட்டிப் பக்கமே போகவில்லை.

பதிலைத் தேடிப் படித்தபோதுதான் புரிந்தது. நீல நட்சத்திர மீன் வாய் வழியாக வயிற்றை வெளியே தள்ளி, பாறை மேல் படியும் மெல்லிய பாசி, நுண்ணுயிர்ப் படலத்தைக் கரைத்துச் சாப்பிடும். கடலில் அதற்கு மைதானம் மைதானமாகப் பாறை இருக்கிறது. எங்கள் வீட்டிலோ நாலடித் தொட்டி. அதுவும் ஆரம்பித்து மூன்றே மாதம் ஆன, படலம் சரியாகப் படியாத புதுப் பாறைகள். சில வாரங்களிலேயே எல்லாவற்றையும் வழித்துத் தின்றிருக்கும். அதற்கப்புறம் தன் உடம்பையே கரைத்துக் கரைத்து உயிரோடு இருந்திருக்கிறது. பல வருடம் பழகிய பெரிய தொட்டிகளிலேயே இந்த நீல வகை பெரும்பாலும் ஒரு வருடத்தைத் தாண்டுவதில்லை என்கிறார்கள் அனுபவசாலிகள்.

ஏப்ரலில் செத்ததாக நாங்கள் நினைத்தது, தீபாவளிக்கே பட்டினியை ஆரம்பித்திருக்கிறது. சத்தம் போடாது, சுருண்டு படுக்காது. தினமும் நகர்ந்துகொண்டே இருந்ததால் நன்றாக இருப்பதாக நம்பினோம். உண்மையில் அது சாப்பாடு தேடி அலைந்துகொண்டிருந்தது.

வாசலில் யார் வந்தாலும் "சாப்பிட்டீங்களா?" என்று கேட்கிறவள் நான். ஏழு மாதம் ஹாலிலேயே இருந்த ஒரு ஜீவனைக் கேட்கவில்லை. கேட்டவர் அத்தை ஒருவர்தான்.

சில நாள் கழித்து மகன் வேறு மாதிரி கேட்க ஆரம்பித்தான். முன்பெல்லாம் "எது அழகா இருக்கு?" என்பான். இப்போது, "எதுக்கு நம்ம வீட்டுல சாப்பாடு இருக்கு?"

அவனே ஒரு பட்டியல் போட்டான். மணலைக் கிளறும் நட்சத்திர மீன் மணலில் உள்ள புழு பூச்சியைத் தீர்த்ததும் பட்டினி கிடக்கும், வேண்டாம். முதுகில் கறுப்பு முள் வைத்த சாக்லேட் சிப் வகை, மீன் துண்டு போட்டால் நன்றாகச் சாப்பிடும். ஆனால் பவளம், சிப்பி எது அகப்பட்டாலும் விடாது, அதற்குத் தனித் தொட்டி வேண்டும். பச்சை நிற பிரிட்டில் ஸ்டார் இரவில் சின்ன மீனையே அமுக்கிவிடும். கடைசியில் மிஞ்சியது சர்ப்பென்ட் ஸ்டார். நடுவில் ஒரு சின்னத் தட்டு, அதிலிருந்து பாம்பு போல நீண்ட ஐந்து கைகள். மீதம் விழும் உணவைப் பொறுக்கித் தின்னும், கொடுத்தாலும் வாங்கிக்கொள்ளும்.

தொட்டிக்கு ஒரு வயது தாண்டும் வரை காத்திருந்தோம். கடையில், "இது சாப்பிடறதைக் காட்டுங்க" என்று கேட்டு, பார்த்த பிறகே வாங்கினோம். இப்போது யார் கேட்டாலும் நான் முதலில் சொல்வது இதைத்தான்.

சாப்பாட்டுப் பொறுப்பு அத்தையிடம் போனது. செவ்வாய், வெள்ளி கவுச்சி கிடையாது என்பதால் புதனும் ஞாயிறும். நிலக்கடலை அளவு இறால் துண்டு, விளக்கை அணைத்த பிறகு, நீள இடுக்கியில். முதல் ஞாயிறு வழக்கம் போல இறாலை மஞ்சள் போட்டுக் கழுவிவிட்டார். மகன் அலறியதைக் கேட்டுப் பக்கத்து வீட்டுக்காரர்கள் வந்துவிட்டார்கள். அன்றிலிருந்து மஞ்சள் போடும் முன்பே அதன் பங்கை எடுத்து வைப்பது பழக்கமாகிவிட்டது. பத்து நிமிடத்தில் வாங்கிக்கொள்ளாத துண்டை வெளியே எடுத்துவிட வேண்டும். இல்லையென்றால் அழுகித் தண்ணீர் கெடும்.

இன்னும் இரண்டு விஷயம் பழகினோம். தண்ணீர் ஆவியாகும், உப்பு ஆவியாகாது. ஆகவே தினமும் குறைகிற அளவுக்கு வெறும் ஆர்.ஓ. தண்ணீரை ஊற்ற வேண்டும். மீனுக்கு நோய் வந்தால் தாமிரம் கலந்த மருந்தை அதே தொட்டியில் விடக் கூடாது. நட்சத்திர மீனுக்கு அது விஷம்.

2023 டிசம்பர், மிக்ஜாம் புயல். எங்கள் தெருவில் மூன்று நாள் கரன்ட் இல்லை. இன்வெர்ட்டர் முதல் ராத்திரியே அணைந்துவிட்டது. மோட்டார் நின்றால் தண்ணீரில் காற்று குறையும். பேட்டரியில் ஓடும் சின்ன பம்ப் ஒன்று கைவசம் இருந்தும் போதவில்லை. மீன்கள் மேலே வந்து வாயைத் திறந்து திறந்து மூடின. அத்தைதான் ஒரு செம்பை எடுத்துத் தொட்டித் தண்ணீரையே முகந்து உயரத்திலிருந்து ஊற்ற ஆரம்பித்தார். அப்புறம் நான், என் கணவர், மகன் என்று முறை போட்டுக்கொண்டு மெழுகுவத்தி வெளிச்சத்தில் விடிய விடிய ஊற்றினோம்.

மீன்கள் பிழைத்தன. ராக்கோழிக்கு மட்டும் ஒரு கையில் பாதியைக் காணோம். மகன் முகம் போன போக்கைப் பார்த்துப் பயந்தேன். ஆனால் அடுத்த புதன்கிழமை மிச்சக் கைகளை நீட்டி இறாலை வாங்கிக்கொண்டது. நாளாக நாளாக, விட்ட இடத்திலிருந்து மெல்லிசாக ஒரு கை முளைத்து வளர்ந்தது.

போன பிறந்தநாளுக்கு என் தம்பி ஆசையாகக் கேட்டான், "நீல ஸ்டார்ஃபிஷ் ஒண்ணு வாங்கித் தரட்டுமாடா? உனக்குத்தான் ரொம்பப் பிடிக்குமே?"

"பிடிக்கும் மாமா. ஆனா நம்ம வீட்டுல அதுக்குச் சாப்பாடு இல்ல" என்றான் மகன்.

அத்தைக்கு இப்போது பார்வை மங்கிவிட்டது. தொட்டி முன்னால் உட்கார்ந்தாலும் ராக்கோழி அவருக்குத் தெரிவதில்லை. ஆனால் புதனும் ஞாயிறும் இரவுச் சாப்பாட்டுக்கு உட்காரும்போது, தட்டில் கை வைக்கும் முன் கேட்பார்.

"அது சாப்பிட்டுச்சா?"

"சாப்பிட்டுச்சு அப்பத்தா" என்று மகன் சொன்ன பிறகுதான் முதல் கவளத்தை எடுப்பார்.